நாலு கோடு, பதினோரு கோடு

படம் வந்துவிட்டது என்று உள்ளே இருந்து சத்தம் போட்டார்கள். கையில் இருந்த மண் வாரியோடு அப்படியே போனேன்.

காலை பத்தரை மணி. அமெரிக்காவில், பாசடீனா விண்வெளி ஆய்வுக்கூடத்தில் நல்ல வெயில். திரைகளுக்காக அறைக்குள் மட்டும் இருட்டாக்கி வைத்திருந்தார்கள்.

செவ்வாயில் ஒரு வண்டி புதைந்து கிடக்கிறது. ஆறு சக்கரம், அதில் ஒன்று சுற்றாது. முன்சக்கரம் இரண்டும் அச்சுவரை மண்ணுக்குள். ஏழு வாரமாக அதே இடம்.

அங்கே குளிர்காலம் வருகிறது. இன்னும் பத்தொன்பது நாளில் வண்டி வெளியே வந்து மேட்டில் ஏறி, முதுகில் இருக்கும் சூரியத் தகட்டை வெயிலுக்குச் சாய்க்கவேண்டும். இல்லையென்றால் பேட்டரி உறைந்துவிடும். பேட்டரி போனால் வண்டி போனது.

அதை அந்தக் குழியில் இறக்கியவள் லோர்னா. அவள்தான் ஓட்டுகிறவள். ஓட்டுவது என்றால் ஸ்டியரிங் எல்லாம் கிடையாது. இவ்வளவு தூரம் போ, இப்படித் திரும்பு என்று எழுதி அனுப்பவேண்டும். போய்ச் சேரவே கால்மணி நேரம். பள்ளத்தைப் பார்த்து 'நில்' என்று கத்தினாலும், அதற்குள் அது விழுந்து முடித்திருக்கும்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அவளாகத்தான் மதியம் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

எனக்கு வேலை வெளியே, மணல் முற்றத்தில். அங்கே அந்த வண்டிக்கு ஒரு ஜோடி வைத்திருக்கிறார்கள். செவ்வாயில் எடை குறைவு என்று இதன் வயிற்றில் இருந்ததை எல்லாம் கழற்றிவிட்டார்கள். களிமண் தூளையும் நீச்சல்குள வடிகட்டியில் போடும் வெள்ளைத் தூளையும் கலந்து கொட்டுவேன். சக்கரத்தை அச்சுவரை புதைப்பேன். அவர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள். இன்னும் புதையும். நான் மண்ணைக் கிளறி, வாரியால் சமப்படுத்தி, கோடு தெரியாமல் மேலே பலகை போட்டு இழுப்பேன். மறுபடி புதைப்பேன்.

நாற்பத்தோரு தடவை.

வாரிக்குப் பதினாறு பல். ஐந்தாவது ஒடிந்துவிட்டது. புதிது தருகிறோம் என்றார்கள். பார்த்தேன், கைப்பிடி பிளாஸ்டிக். வேண்டாம் என்றுவிட்டேன்.

"கரபெத், உங்களுக்கும் உங்க வாரிக்கும் ஒரே இடத்துலதான் பல்லு போயிருக்கு" என்பாள் லோர்னா.

"நான் வாரிக் குடுத்தாதான் உன் வண்டி நகரும், பொண்ணே. சிரிக்காம ஓட்டு" என்பேன்.

நேற்று, நாற்பத்தோராவது தடவை, ஜோடி வண்டி தானாக வெளியே வந்தது. அதே கட்டளைகளை மேலே அனுப்பினார்கள். அதன் படத்துக்காகத்தான் இன்று இத்தனை பேர்.

தலைமைப் பொறியாளர் விட்டேக்கர் கடலை ஜாடியைச் சுற்றில் விட்டிருந்தார். பெரிய காரியம் என்றால் இங்கே எல்லோரும் ராசிக்குக் கடலை தின்னவேண்டும். இவ்வளவு படித்தவர்கள். எனக்கும் நீட்டினார். ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திரையில் படம். வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருக்கும் கேமரா எடுத்தது, கறுப்பு வெள்ளை. மண்ணும் சக்கரமும் தவிர வேறெதுவும் தெரியாது.

முன்சக்கரம் இரண்டும் மண்ணுக்கு மேலே.

கூச்சல் போட்டார்கள். மேசையைத் தட்டினார்கள். விட்டேக்கர் கையில் அகப்பட்டவரை எல்லாம் கட்டிப்பிடித்தார். லோர்னா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து ஜாடிக்குள் கைவிட்டு ஒரு பிடி கடலையை அள்ளி வாயில் போட்டாள். ஏழு வாரத்தில் மற்றவர்கள் முன்னால் அவள் எதையாவது தின்று அன்றுதான் பார்த்தேன்.

பெய்ரூட்டில் சண்டை நின்றுவிட்டது என்று வானொலி சொன்ன காலையில் எங்கள் தெருவில் மூன்று குண்டு விழுந்தது. அதிலிருந்து எதையும் கிட்டப் போய்ப் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

திரைக்குக் கிட்டப் போனேன்.

கீழ் மூலையில், மண்ணில், மெல்லிய கோடுகள். நாலு கோடு. ஒரு இடைவெளி. பதினோரு கோடு.

நேற்று விட்டேக்கர் அவசரப்படுத்தினார். அந்த மூலையில் நான் பலகை போடவில்லை.

இரண்டு வண்டியின் படமும் இதே திரையில், இதே மாதிரிதான் வரும். எந்த வண்டி என்று மேல் ஓரத்தில் ஒரு சின்ன எழுத்து மட்டும் மாறும். யாரும் அதைப் படிக்கவில்லை.

லோர்னாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் தின்றுகொண்டிருந்தாள்.

அவள் தோளைத் தொட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டேன்.

"பொண்ணே, அங்க மண்ண வாரினது யாரு?"

சிரித்தாள். பிறகு என் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தாள். தன் விரலை வைத்து எண்ணினாள். அப்புறம் என் கையில் இருந்த வாரியைப் பார்த்தாள். மெல்லுவது நின்றுபோயிற்று.

அவளேதான் கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினாள். அவளேதான் செவ்வாயிலிருந்து வந்திருந்த அடுத்த படத்தைத் திறந்தாள். அது வந்து ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

அதையும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

முற்றத்தில் ஜோடி வண்டியைப் பின்னால் தள்ளிச் சக்கரத்தைப் புதைத்தேன். அந்தப் படத்தில் பார்த்தபடி, அச்சுவரை இல்லை, அச்சுக்கு மேல் இரண்டு விரல். சுற்றிலும் வாரினேன்.

இந்தத் தடவை மூலையிலும் பலகை போட்டு இழுத்தேன்.