இருபத்தேழாவது புத்தகம்

சடையப்பன் வருவதற்குள் அந்த ஒரு புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டாள் ரேணுகா.

மரக்காணத்தில் அவள்தான் நூலகர். தப்புப் பண்ணி மாட்டிக்கொண்ட பதினாறு, பதினேழு வயசுப் பையன்கள் இருக்கிற கூர்நோக்கு இல்லத்துக்கு இன்றைக்கு நாற்பது புத்தகம் போகிறது. மூன்று மணிக்கு வேன் வந்துவிடும். அதற்குள் பட்டியலில் வாசகர் வட்டத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் வேறு யார்? சாட்சாத் சடையப்பன்தான்.

வினையே அங்கேதான். பங்குனி வெயிலில் உப்பு கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய உப்பளத்து மோட்டாரை ஒரு பையன் கழட்டிக்கொண்டு போய்விட்டான். பையன் இப்போது அந்த இல்லத்தில். மோட்டார் திரும்பி வந்தது, சாக்குப் பைக்குள் துண்டு துண்டாக. அன்றிலிருந்து டீக்கடையில் சடையப்பன் வாயைத் திறந்தால் அவனுக்கு அர்ச்சனைதான்.

என்ன புத்தகம் வேண்டும் என்று பையன்கள் பேர் போடாமல் சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்கள். பேய்க்கதை, கிரிக்கெட். ஒரு புண்ணியவான் பிரியாணி செய்முறை கேட்டிருந்தான். இன்னொரு சீட்டில், "மோட்டார் ரிப்பேர் புக். வெளிய வந்தா இந்த வேலைக்குப் போலாம்னு இருக்கேன்."

பேர் இல்லாவிட்டால் என்ன, யாரென்று தெரியாதா? எப்படியாவது இதை அனுப்பிவிட வேண்டும் என்று ரேணுகா தவித்தாள்.

சடையப்பன் வந்து உட்கார்ந்தார். பட்டியலில் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.

"பேய்க்கதை பதினொண்ணா? பசங்க தூங்க வேணாமா?"

"அவங்க கேட்டாங்கய்யா."

"பிரியாணியா? அங்க எங்கம்மா சமைப்பான்?"

"படிச்சாலே பாதி வயிறு ரொம்பிடும்ங்க."

சிரித்துவிட்டார். விரல் இருபத்தேழுக்கு வந்தது. சிரிப்பு நின்றது.

"இஞ்சின், மோட்டார் ரிப்பேரா? எடு அந்தப் புக்கை."

வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். நாலு பக்கம் புரட்டினார். முகம் கடுகடுத்தது.

"யாருக்கு இது?"

"சீட்டுல பேரு இல்லீங்க."

"பேரு வேற வேணுமா? பாத்திக்குத் தண்ணி ஏறாம இருபது நாளு உப்பு வாரலம்மா நான்."

பேனாவை எடுத்தார். அந்த வரியைப் பேப்பர் கிழிகிற மாதிரி ஒரே அடி.

ரேணுகாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்க வயித்தெரிச்சல் நியாயம்தாங்க. அதுக்காக ஒரு பையன் பொழைக்கிற வழியையே அடிச்சிட்டீங்களே. வேற யாராவது செஞ்சா பரவால்ல. தலைவர் நீங்களே செய்யலாமா?"

சடையப்பன் பேனாவை மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. எழுந்து விறுவிறு என்று வெளியே போய்விட்டார்.

மணி இரண்டே முக்கால். ஒரு புத்தகத்துக்கு வாய் கொடுத்து நாற்பதையும் கெடுத்துக்கொண்டோமே என்று ரேணுகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வாசலில் வண்டிப் பெட்டியைத் திறந்து மூடுகிற சத்தம். சடையப்பன் திரும்பி வந்தார். கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு புத்தகம்.

"நீ வச்சது முழுக்க டீசல் இஞ்சினும்மா. மோட்டாரு கடைசில ரெண்டே பக்கம். அதைப் படிச்சா இருக்கிற அறிவும் போயிடும். இது மோட்டாரு வாங்கும்போது கம்பெனிக்காரன் குடுத்தது. தமிழ்ல, படம் போட்டு இருக்குது."

இருபத்தேழில் அதை எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

ரேணுகா அந்தப் புத்தகத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

"பாண்டிலேர்ந்து மூணு மெக்கானிக் வந்து பார்த்தானுங்க. ஒருத்தனுக்கும் அதைத் திரும்ப மாட்ட வரல. இந்தப் பய ஒத்த ஸ்பேனரை வச்சிக்கிட்டு, ஒரு போல்ட்டு கெடாம கழட்டியிருக்கான். வெளிய வந்ததும் நேரா நம்ம உப்பளத்துக்கு வரச்சொல்லு. வேலை இருக்குது."

இப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"வந்து மறுபடியும் மோட்டாரைக் கழட்டிட்டான்னா?"

"கழட்டியே ஆவணும். உப்புத்தண்ணி அரிச்சிடும்மா, மாசா மாசம் கழட்டித் தொடைச்சு மாட்டணும். அதுக்குத்தானே சம்பளமே!"