பன்னிரண்டாவது பாட்டில்

ஆற்றில் கழிவைக் கலக்கும் சாய ஆலை மீதான வழக்கில், சாட்சியமாக ஏழு தண்ணீர் பாட்டில்கள் கோர்ட்டு ரெக்கார்டு ரூமில் இருந்தன. மூடிகளில் சிவப்பு அரக்கு. லேபிளில் தேதி, எடுத்த இடம், இன்ஸ்பெக்டரின் கோழிக்கிறுக்கல் கையெழுத்து. அந்த இன்ஸ்பெக்டர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. வாய்தா மட்டும் நின்றபாடில்லை.

போன வருஷம் ஒரு வாய்தாவன்று குமாஸ்தா பீரோவைத் திறந்தால், எட்டு பாட்டில்கள். அதே அரக்கு, அதே கிறுக்கல், அன்றைய தேதி. இடம்: பாலத்தடி.

“சார், ஒண்ணு கூடுதலா இருக்கு.”

“குறைஞ்சாத்தாங்க வம்பு. கூடினா நமக்கென்ன? எழுதி வைங்க,” என்றார் தலைமை குமாஸ்தா.

குமாஸ்தா எழுதி வைத்தார். அடுத்த வாய்தாவுக்கு ஒன்பது. இடம், நீரேற்று நிலையம். பத்தாவது, மேல்நிலைத் தொட்டி. பதினொன்றாவதில் அவர் குடியிருக்கும் தெருவின் குழாய். எல்லாவற்றிலும் அதே கறுநீலத் தண்ணீர். வீட்டுக் குழாயில் வருவதென்னவோ பளிச்சென்றுதான் இருந்தது.

இன்று பீரோவில் புதிதாக ஒன்றும் இல்லை. வழக்கைக் கூப்பிட்ட இரண்டே நிமிஷத்தில் அடுத்த தேதி கொடுத்துவிட்டார்கள். குமாஸ்தா நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்து, காலையில் மனைவி பிடித்துக் கொடுத்த தண்ணீர் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தார். மூடியில் சிவப்பு அரக்கு. தொட்டால் சுட்டது. லேபிளில் இன்றைய தேதி, அவர் வீட்டு எண், ‘சமையலறை’.

வீட்டுக்குப் போன் போட்டார்.

“பாப்பா ஸ்கூல் பாட்டில்ல தண்ணி மிச்சம் இருக்கா பாரு.”

“இன்னிக்கு அதிசயமா மொத்தத்தையும் குடிச்சிட்டு வந்திருக்கா. ஏன்?”

அவர் ரெஜிஸ்டரை இழுத்து, வரிசை எண் பன்னிரண்டு என்று எழுதினார்.