ஈயக்கட்டி இருந்த இடம்

ஞானதாஸ் வீட்டு மேசைமேல் ஒரு குட்டி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் கட்டைவிரல் அளவுதான். மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு மேட்டில் ஏறி இறங்குவது அதன் வேலை. பழைய கன்ட்ரோலரின் திருகைத் திருப்பினால் ஓடும், விட்டால் நிற்கும்.

ஒரு நாள் புதிதாக டிஜிட்டல் கன்ட்ரோலர் வந்து சேர்ந்தது.

"நூறு எஞ்சின் இருந்தாலும் ஒவ்வொண்ணையும் தனித்தனியா பேர் சொல்லிக் கூப்பிடுவேன்," என்றது.

"இங்க நான் ஒருத்தன்தானே இருக்கேன்?" என்றது எஞ்சின்.

"இருக்கட்டுமே. உன்னை இதுவரைக்கும் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்களா?"

எஞ்சினுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அதுக்கு உன் வயித்துல ஒரு மின்னணுச் சில்லு வைக்கணும். இடம் இருக்கா?"

"ஒரு ஈயக்கட்டி சும்மாதான் கிடக்கு. எடுத்துடலாம்."

ஞானதாஸ் ஈயத்தை எடுத்துவிட்டுச் சில்லைப் பொருத்தினார். விளக்கு எரிந்தது, விசில் கேட்டது. பேர் சொன்னதும் எஞ்சின் கிளம்பியது. மேட்டில் மட்டும் சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுற்றியது.

"முன்னல்லாம் தண்டவாளத்தை அழுத்திப் பிடிச்சு ஏறுவியே?" என்றது கடைசிப் பெட்டி.

எஞ்சின் இன்னொரு தடவை விசிலடித்துப் பார்த்தது.

ஞானதாஸ் ஒரு பெட்டியைக் கழற்றினார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவதையும். இப்போது எஞ்சின் ஜம்மென்று மேடேறியது, விசிலடித்துக்கொண்டே.

ஓரமாக நின்ற பெட்டிகள் பார்த்துக்கொண்டிருந்தன.

"எவ்வளவு அழகா விசிலடிக்குது!" என்றது ஒன்று.

"அழகுதான்," என்றது கடைசிப் பெட்டி. "யாரை ஏறச் சொல்லுது?"