விலாவுக்குக் கீழே

"இன்னிக்கு எங்கே வலி?" தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் கார்த்திகேசு நிமிராமலே கேட்டார்.

"அதே இடந்தாங்க ஐயா. விலாவுக்குக் கீழே. இருமினா பச்சையா சளி வருது" என்றாள் வீரம்மா.

அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

டிரசர் குழாயை வைத்துப் பார்த்தார். "நெஞ்சு சுத்தமா இருக்கே!"

ஆனாலும் மருந்துப் புட்டியை நிரப்பிக் கொடுத்தார். அவளுடைய சீட்டில் நீளமாக ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எழுதினார்.

வீரம்மா போனதும் வரிசையில் அடுத்து நின்ற நவமணி கேட்டாள். "அது என்ன சீக்குங்க ஐயா?"

"ஹைப்போகாண்ட்ரியா. கிரேக்கர் பாஷையிலே 'விலாவுக்குக் கீழே'ன்னு அர்த்தம். கைக்கு அகப்படாத சீக்கெல்லாம் அங்கேதான் ஒளிஞ்சிருக்குன்னு அந்தக் காலத்து வைத்தியர்கள் நம்பினாங்க. இப்போ, இல்லாத நோயை இருக்குன்னு நினைக்கிறவங்களுக்கு அந்தப் பேரு."

"கீலாவாயிட்டா, பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு சொல்லுங்க! தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்கலா. புருஷன் செத்தப்பகூட நல்லாத்தான் இருந்தா. இங்கே வேலை செய்யப் பெர்மிட் கிடைக்காம சிநேகிதி செல்லாயி இந்தியாவுக்குக் கப்பலேறினா பாருங்க, அன்னிக்குப் பிடிச்சது."

மறுநாள் விளக்கேற்றும் நேரம். குழாயடியில் வீரம்மா வாளியோடு நின்றாள். பக்கத்தில் நவமணி.

எதிரே, தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு வீரம்மாவுடையது. தனிக்கட்டை. கதவில் பூட்டு தொங்கியது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

நவமணி திரும்பி வீரம்மாவின் வாயைப் பார்த்தாள். வாய் மூடியே இருந்தது.

மறுபடியும் இருமல். நெஞ்சைப் பிளக்கிற மாதிரி, நீளமாக.

"முருகா!" நவமணி வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் போய்த்தான் நின்றாள்.

"ஐயா, அவளுக்குள்ளே இருந்தது வெளியே வந்திருச்சு! பூட்டின வீட்டுக்குள்ளே இருமுது. கங்காணியைக் கூட்டிப்போய்க் கதவை உடைச்சுப் பார்க்கச் சொல்லட்டுமா?"

டிரசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"வேண்டாம்மா. கிட்டே போனா உங்களுக்கும் ஒட்டிக்கும்."

"இல்லாத நோயின்னு சொன்னீங்களே?"

"இல்லாததுதான் சீக்கிரமா ஒட்டும்."

அதற்குப் பிறகு கடைசி வீட்டுப் பக்கம் ஒருவரும் போகவில்லை. பிள்ளைகளைக்கூட அந்த வழியாக விடுவதில்லை.

திங்கட்கிழமை வீரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி, முற்றத்துக்கே போய்விட்டார்கள்.

"ஐயா, விலாவுக்குக் கீழே..." என்று இழுத்தாள்.

டிரசர் சீட்டில் அதே நீள வார்த்தையை எழுதினார். இந்த முறை இரண்டு புட்டிகளை நிரப்பினார். வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இருமல் வந்தா வாயிலே தலையணையை வச்சுக்கச் சொல்லு செல்லாயியை. பெர்மிட்டுக்கு மறுபடியும் எழுதிப் போட்டிருக்கேன். வர்ற வரைக்கும் நோய் உன் பேரிலேயே இருக்கட்டும்."