மை பூசிய தாள்

தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் தூண்களில் விரிசல் விட்டிருந்தது. அதன் நிழலிலேயே தையல்காரியின் வீடு. தொட்டியைச் சோதித்த அறிக்கையைக் கேட்டு அவள் மனுப் போட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்றுதான் நகராட்சி அலுவலக எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். வரிக்கு வரி கறுப்பு மை பூசியிருந்தது.

"என்ன சார் இது, கரிச்சட்டியத் துடைச்ச மாதிரி இருக்கு?"

"அதிகாரிங்க தங்களுக்குள்ள எழுதிக்கிட்டதும்மா. ரகசியம். வெளிய காட்டக் கூடாது."

"தொட்டி தாங்குமா தாங்காதான்னு மட்டும் சொல்லுங்க சார். அதுக்கு அடியிலதான் என் ரெண்டு புள்ளைங்களும் தூங்குது."

பின்னால் உட்கார்ந்திருந்த மேலாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"சட்டம் பேசாம கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பும்மா," என்று எழுத்தர் எரிந்து விழுந்தார்.

ஈவிரக்கமில்லாத மனுஷன் என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் படியிறங்கினாள். வாசல் வெளிச்சத்தில் தாளை மறுபடி பார்த்தாள். அடியில் இருந்த பட்டியலில் மட்டும் மை படவில்லை.

'இக்கடிதத்தின் நகல் பெறுவோர்: தீயணைப்பு நிலையம், பொது மருத்துவமனை, பிணவறைக் காப்பாளர்.'

அவள் நிமிர்ந்தாள். மாடி ஜன்னலில் நின்ற எழுத்தர், 'சீக்கிரம் போ' என்று சத்தமில்லாமல் கையசைத்துக்கொண்டிருந்தார்.