பின்கதவுக்காக ஒரு திருட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. காப்ஸ் ஃபோர்க் என்ற அந்தச் சின்ன அமெரிக்க ஊரே தேவாலயத்தில் உட்கார்ந்து பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வெர்னாவும் ஓடெலும் பாவம் செய்வதற்காக ஆரம்பப் பள்ளியின் பின்கதவருகே நின்றிருந்தார்கள்.

வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கையில் தோட்ட வேலைக்கான உறை, தலையில் கணவரின் தொப்பி. அவளைவிடப் பதினைந்து வயது இளையவனான ஓடெலின் கையில் கடப்பாரை.

"தொப்பி எதுக்கு?" என்றான் ஓடெல்.

"திருடங்க போடுவாங்கல்ல?"

"போடுவாங்க. ஆனா 'உலகத்திலேயே நல்ல தாத்தா'ன்னு எழுதினதைப் போட மாட்டாங்க."

வெர்னா தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். "கேமரா?"

"ஒண்ணே ஒண்ணு. அது செத்து மூணு வருஷமாச்சு."

"போலீஸ் டெபுடி டெல்பர்ட்?"

"சர்ச்சுல இன்னைக்கு விருந்து. சாப்பாட்டை விட்டுட்டு அவனாவது வர்றதாவது!"

கடப்பாரைக்கு வேலையே இருக்கவில்லை. ஓடெல் தோளால் லேசாக இடித்ததும், மாப்பிள்ளை வீட்டாரைக் கண்டதுபோலக் கதவு அகலத் திறந்துகொண்டது.

"ஐயையோ, இப்படித் தொறந்தா யாரு நம்புவா? சாத்திட்டு நல்லா நெம்புங்க" என்றாள் வெர்னா.

ஓடெல் கதவைச் சாத்தி, மறுபடி முறைப்படி உடைத்தான்.

உள்ளே போனபிறகுதான் அடுத்த சிக்கல். எதைத் திருடுவது? புரொஜெக்டரில் விளக்கு இல்லை. அரதப்பழசான கம்ப்யூட்டர்களை எடுத்துப்போனால் எடுத்துப்போனவனுக்குத்தான் தண்டனை. கடைசியில் ஆசிரியர் அறை மைக்ரோவேவை ஓடெல் கட்டிப்பிடித்துத் தூக்கியபோது வாசலில் குரல் கேட்டது.

"கையைத் தூக்கு!"

டெல்பர்ட்! ஒரு கை, இடுப்பிலிருந்த துப்பாக்கி உறைமேல் இருந்தது. மறு கையில் காகிதத் தட்டு, அதில் பாதி தின்ற கோழிக்கால்.

"யாரு, பிரின்ஸிபால் மேடமா? டேய் ஓடெல், ஸ்கூல் சாவிக்கொத்தே உன் இடுப்புலதானேடா தொங்குது! பராமரிப்பு வேலை பார்க்கிறவனே கதவை உடைப்பானா?"

பிடிபட்ட திருடி மாதிரி வெர்னா அழவில்லை. முகம் மலர்ந்தாள்.

"நல்லவேளை வந்தே, டெல்பர்ட்! நாங்களே போன் பண்ணணும்னு இருந்தோம். எழுதிக்கோ. பூட்டை உடைச்சுத் திருட்டு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குப் புகார் எண் வேணும்."

பிறகு விஷயத்தைச் சொன்னாள். பின்கதவை ஒட்டியதுதான் மழலையர் வகுப்பு. இருபத்திரண்டு குழந்தைகள். கதவின் பூட்டோ வேலை செய்வதில்லை. அலமாரியை நகர்த்தி அடைத்து வைத்தாள். தீயணைப்பு அதிகாரி வந்து, அது விதிமீறல் என்று அபராதம் போட்டுவிட்டுப் போனார். கடையில் நாற்பது டாலருக்குப் பூட்டு வாங்கி மாட்டலாமென்றால், பள்ளிப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டம் ஏற்கும் கதவின் விலை பதினோராயிரம் டாலர். அதை அரசாங்கமே தரும். ஆனால் நாளைக்குள் அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'கடந்த ஓராண்டில் உங்கள் பள்ளியில் நடந்த குற்றங்கள் எத்தனை?'

"ரெண்டு வருஷமா பூஜ்யம்னு உண்மையை எழுதினேன். ரெண்டு தடவையும் பதில் வந்துச்சு. 'தங்கள் பள்ளி மிகவும் பாதுகாப்பானது, பாராட்டுகள், நிதி இல்லை.' பக்கத்து ஊர் ஸ்கூல்ல ரெண்டு திருட்டு. அவங்களுக்குக் குண்டு துளைக்காத கரும்பலகையே வந்திருக்கு!"

"நான்தான் திருடன்னு எழுதிக்கோடா. செவ்வாய்க்கிழமை பௌலிங் போட்டிக்கு மட்டும் வெளியே விட்டுடு" என்றான் ஓடெல்.

டெல்பர்ட் தட்டை மேசைமேல் வைத்தான். தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தான்.

"மேடம், நான் எழுத மாட்டேன்."

"ஏன்? உடைச்ச கதவு இருக்கு, திருட்டுச் சாமான் இருக்கு, திருடன் பக்கத்துல நிக்கிறான். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"அதே சட்டத்துல ஒன்பதாம் பக்கம் படிச்சீங்களா? ஸ்கூலுக்குக் குற்றம் நடந்தா காசு. எங்க ஷெரீஃப் ஆபீசுக்குக் குற்றம் குறைஞ்சா காசு. போன வருஷம் மாநிலத்திலேயே நாங்கதான் முதல் இடம். செனட்டர் வந்து கேடயம் குடுத்தாரு. நீங்ககூடக் கை தட்டினீங்க."

"குற்றம் எப்படிக் குறைஞ்சுது?"

"எழுதறதைக் குறைச்சோம்."

வெர்னா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தன் வாழ்நாளின் முதல் குற்றம் இப்படி வீணாகும் என்று அவள் நினைக்கவில்லை.

"டெல்பர்ட், உன் பொண்ணும் அந்த வகுப்புலதான் உட்கார்ந்திருக்கா. நாளைக்கு நிஜமாவே ஒருத்தன் இந்தக் கதவை உடைச்சுட்டு வந்தா?"

டெல்பர்ட் கோழிக்காலை எடுத்து ஒரு கடி கடித்தான். பிறகு ரகசியம் பேசும் குரலில், ஆறுதலாகச் சொன்னான்:

"நாளைக்கு என்ன மேடம், இந்த வருஷமே மூணு தடவை திருடனுங்க வந்துட்டானுங்க. எடுக்க ஒண்ணும் இல்லாம அவனுங்க வெறுங்கையோட போக, மூணு தடவையும் உங்களுக்குத் தெரியாம கதவைச் சாத்தி வெச்சது நான்தான்!"