கெணத்துல கலர் நிக்கல

"ராஜம்மா பேரை வெட்டுங்க டிரெஸ்ஸரையா! அவதான் கெணத்தைக் கெடுக்கிறா!"

விடியக்காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல அத்தனை பேர் முன்னாடியும் ஐயாசாமி கங்காணி கத்துனாரு. அந்த ஆளுக்குக் கத்தாமப் பேச வராது. ஒரு தடவ சாமி கும்பிடுறப்பக் கத்தி, பூசாரி கற்பூரத் தட்டையே கீழ போட்டுட்டாரு. வேட்டியில ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். சரி, அது வேற கதை.

மொத உலகச் சண்டை முடிஞ்ச புதுசு. கூலாய்ப் பக்கம் ரப்பர் தோட்டம். அடுத்த தோட்டத்துல பேதி வந்து ஆறு பேரு போயிட்டாங்க. அதனால எங்க தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சபாபதி, சனிக்கெழமை காலையில வந்து, நாங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துக் கெணத்துல மருந்து போடுவாரு. யாழ்ப்பாணத்துக்காரரு. வெயிலே இல்லாட்டியும் குடை பிடிப்பாரு.

மருந்து பாக்குறதுக்குக் கருப்பு மணலாட்டம் இருக்கும். தண்ணியில பட்டா கத்திரிப்பூ கலரு.

"தண்ணியில கிடக்கிற அழுக்கை இது எரிச்சுப்போடும். எரிக்க எரிக்கக் கலர் போகும். பின்னேரம் கலர் நிண்டா தண்ணி சுத்தம். நிக்கேல்லையெண்டா ஆரோ அழுக்குப் போடுறியள்!"

நாலு சனிக்கெழமை போட்டாரு. நாலு சாயங்காலமும் கலர் இல்ல.

ராஜம்மா வீடு கெணத்தடியிலேயே. புருசன் இல்ல, ரெண்டு புள்ளைங்க. அவ கருவாடு கழுவுற தண்ணிதான் உள்ள போவுதுன்னு முடிவு கட்டிட்டாங்க. பேரை வெட்டுனா வேலையும் போச்சு, குடியிருக்கிற அறையும் போச்சு. அப்பவும் அவ வாயத் தொறக்கல.

அஞ்சாவது சனிக்கெழமை. மத்தியானம் ரெண்டு மணிக்கு டிரெஸ்ஸர், தொரைக்கு எழுதிக் குடுக்கணும்னு அவ அடுப்படியில வந்து தேடுனாரு. ஒரு சட்டி. ஒரே ஒரு கருவாடு.

"இந்த ஒரு மீனோ கிணத்தைக் கெடுத்தது?"

அப்ப வெளியில காலடிச் சத்தம். மனுஷன் பலகை இடுக்குல கண்ண வச்சாரு. மருந்துப் பொட்டி தூக்கிட்டு வந்த நானும் வச்சேன்.

கங்காணி பொண்டாட்டி தனலெட்சுமி. கையில சொம்பு நெறையப் பாலு. புருசனுக்குக் காப்பிக்கே சொட்டுச் சொட்டா ஊத்துற பொம்பள! கெணத்தைப் பாத்துக் கும்பிட்டா.

"சூட்டு மருந்து, கங்கம்மா. புள்ளைங்க வயிறு வெந்துரும். நீதான் குளுத்தணும்."

சொம்பைக் கெணத்துல கவுத்துட்டுப் போனா.

அடுத்து எங்க லயத்து வேலு, ஒரு சட்டி மோரு. அடுத்து பேச்சியம்மாள், கேப்பைக் கூழு. அதுல வெங்காயம் வேற! ஒருத்தர் போனதும் ஒருத்தர், மத்தவங்களுக்குத் தெரியாம. வரிசை கட்டாத கொறதான்.

கடைசியா யாரு? கங்காணி. கையில கள்ளு போத்தலு.

"முனியாண்டி, உன் கெணத்துல வெள்ளக்காரன் மருந்தக் கலந்துட்டான், கோவிச்சுக்காத." தனக்கு ரெண்டு மடக்கு குடிச்சிட்டு, மிச்சத்த முனிக்குன்னு கெணத்துல ஊத்துனாரு. அப்பத்தான் பாத்தேன், அந்த ஆளுக்கு மெதுவாவும் பேச வரும்.

டிரெஸ்ஸர் குடையத் தரையில குத்துனாரு.

"இதென்ன விசர் வேலை! பாலும் மோரும் கூழும் கள்ளும்! இதையெல்லாம் எரிச்சே மருந்து செத்துப்போகுது! பிறகு அழுக்கை ஆர் எரிக்கிறது?"

அடுப்போரம் நின்ன ராஜம்மா பக்கம் திரும்புனாரு.

"நீ இதைக் கிழமைக்குக் கிழமை பாத்துக்கொண்டோ இருந்தனீ?"

"ஆமாங்க."

"பழியையும் சுமந்துகொண்டு, வாயையும் மூடிக்கொண்டு! உனக்கென்ன பைத்தியமோ? இண்டைக்கே துரையிட்டச் சொல்லி, இந்த லயத்து இருபத்திரண்டு வீட்டுப் பேரையும் வெட்டுவிக்கிறன் பார்!"

ராஜம்மா வாசல மறிச்சு நின்னா.

"அதுக்குப் பயந்துதாங்க நான் சொல்லல."